அப்பா கையெழுத்திட்ட கோப்பு

என் பன்னிரண்டாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது நான் சொன்ன இரண்டு வாக்கியங்களால், அப்பா தன் சொந்தத் தம்பியின் அறைக்குள் காலெடுத்து வைக்க முடியாதவராகிப் போனார். இரண்டுமே உண்மையான வாக்கியங்கள். வீட்டுக்கு நல்ல செய்தி கொண்டுவந்திருக்கும் நினைப்பில், வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னேன்.

சுனாமி வந்துபோனதற்கு அடுத்த வருஷம் அது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே எங்கள் வீடு. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், ஊர் வழக்கில் 'சொல்தா'. மாதாகோயில் காலைப் பூசைக்கு ஒரு நாளும் தவறமாட்டார். அவர் சொன்னதுதான் வீட்டில் சட்டம் என்றாலும், அதை உரக்கச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு அநேகமாக வந்ததில்லை. அப்பா ஒரு வக்கீலிடம் வேலை பார்த்தார். நிலத்தகராறு என்று வருகிறவர்கள் கொண்டுவரும் பழுப்பேறிய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழில் பெயர்த்து எழுதித்தரும் வேலை. எப்போதோ செத்துப்போனவர்களின் பேச்சையே பகல் முழுக்க எழுதிக்கொண்டிருந்ததாலோ என்னவோ, வீட்டில் அவருக்கென்று சொந்தப் பேச்சு குறைவு.

முன்னறையை அடுத்த அறையில் சித்தப்பா படுத்திருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிவதற்குள், காலாப்பட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்தவர் நின்றிருந்த மணல் லாரியின் பின்னால் மோதி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது. மூக்கு வழியாக உள்ளே போகும் ஒரு டியூபில் சித்தி கஞ்சியை வடிகட்டி, ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அதற்காகவே ஒரு அலாரம் கடிகாரம் ஜன்னலில் இருந்தது. சித்தப்பா ஆஜானுபாகுவான மனிதர். அவரைத் தூக்கிக் குளிப்பாட்டுவதும் மெத்தை மாற்றுவதும் அப்பாவின் வேலை. வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. அந்த நேரத்திலும் அப்பா பேசமாட்டார். தூக்கும்போது மட்டும், குழந்தைக்குச் சொல்வதைப்போல, "இதோ, இதோ, ஆச்சி" என்பார்.

சித்திக்கு அப்போது இருபத்தாறு வயது. உழவர்கரையில் தாய்வீடு இருந்தும் அந்தப் பக்கமே போகாமல் சித்தப்பாவின் கட்டிலருகிலேயே கிடந்தாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தாத்தா அவளைக் காட்டி, "என் மருமவ மாதிரி இன்னொருத்தி பொறந்து வரணும்" என்பார். சித்தி தலையைக் குனிந்துகொள்வாள். புகழ்ந்தால் வெட்கம் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் வெட்கம் என்றே நினைத்தேன்.

எங்கள் பள்ளித் தமிழ் டீச்சருக்குத் தொலைக்காட்சிப் பட்டிமன்றங்கள் மீது கடுங்கோபம். மாமியாரா மருமகளா என்று சிரித்துக்கொண்டிருக்கிறார்களாம். எனவே ஆண்டுவிழாவுக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாகிய நாங்கள் நாட்டை உலுக்கும் பிரச்சினைகளை விவாதித்தாக வேண்டும் என்று முடிவு செய்து, தலைப்புகளைத் துண்டுச்சீட்டில் எழுதி, யாருடைய ஜியாமெட்ரி பாக்ஸிலோ போட்டுக் குலுக்கினார். எனக்கு வந்த சீட்டில், "கருணைக்கொலையைச் சட்டம் அனுமதிக்க வேண்டும்: ஆதரவு" என்று இருந்தது. கருணையும் கொலையும் எப்படி ஒரே சொல்லில் வந்தன என்று கேட்டேன். டீச்சர் சுருக்கமாக விளக்கிவிட்டு, மேற்கொண்டு நூலகத்துக்குப் போய்த் தேடச் சொன்னார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அந்தத் தலைப்புக்கும் எங்கள் வீட்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. கருணைக்கொலை என்பது வெளிநாட்டில், வெள்ளை விரிப்பு போட்ட ஆஸ்பத்திரியில், கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு நடப்பது. சித்தப்பாவோ எங்கள் வீட்டில், என் பழைய தலையணையில் படுத்திருந்தார். கிறிஸ்துமஸுக்குள் எழுந்துவிடுவார் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

கடற்கரைப் பக்கத்தில் இருந்த பொது நூலகத்தின் மாடியில், நடப்புப் பிரச்சினைகளுக்கென்று ஒரு தனி அலமாரி உண்டு. தமிழ், ஆங்கில, பிரெஞ்சுப் பத்திரிகைகளிலிருந்து செய்திகளை வெட்டி, ஒரு பிரச்சினைக்கு ஒரு அட்டைக் கோப்பு என்று நாடா போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். மரண தண்டனை, அணைகள், துறைமுகம், கடற்கரையிலிருந்து மீனவர்களை அப்புறப்படுத்துவது, இப்படி. ஊர் வழக்கப்படி அந்தக் கோப்பைத் 'தொசியே' என்றே எல்லோரும் சொல்வார்கள். உள்ளே ஆதரவுச் செய்திகள் ஒரு பச்சை உறையிலும் எதிர்ப்புச் செய்திகள் ஒரு மஞ்சள் உறையிலும் இருக்கும். வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் தேதியும் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து பென்சிலால் குறிப்பு எடுக்கலாம்.

அலமாரியைப் பார்த்துக்கொண்ட அக்கா நான் கேட்ட தலைப்பைக் கேட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இது? துறைமுகம் இருக்கு, எடுத்துக்கிறியா?" என்றார். எனக்குச் சீட்டு விழுந்துவிட்டது என்றேன். பெருமூச்சு விட்டு எடுத்துத் தந்தார்.

மூடியைத் திறந்ததும் அப்பாவின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இழுத்துப் பெயர் முழுவதற்கும் அடிக்கோடாகப் போட்டுவிடும் அந்தக் கையெழுத்தை என் பிராகிரஸ் கார்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மூன்று வரிகளில் மூன்று கையெழுத்துகள். மூன்று தேதிகளுமே சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமைகளில் வக்கீல் வீட்டில் கூடுதல் வேலை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் அப்பா.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. என் தலைப்பு அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, எனக்கு உதவுவதற்காக முன்கூட்டியே ரகசியமாகப் படித்துவைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தேதிகள் என் சீட்டு விழுவதற்கு முந்தையவை என்பது கண்ணில் பட்டும் கருத்தில் ஏறவில்லை. பிரெஞ்சுச் செய்திகளின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள் இருந்தன. மொழிபெயர்க்கச் சிரமமான இடத்தில் அப்படிப் போடுவது அப்பாவின் பழக்கம். ஒரு குறிக்கு நேரே இருந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தேன். எனக்குப் புரிந்தது 'மனைவி' என்ற ஒரு சொல்தான். பிரெஞ்சு வகுப்பில் முதல் மாதமே சொல்லித்தருகிற சொல். இதுவா அப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தது என்று வியந்துவிட்டு, பச்சை உறையில் இருந்த தமிழ்ச் செய்திகளைப் பார்த்து எழுதத் தொடங்கினேன். மஞ்சள் உறையைப் பிரிக்கவில்லை. நான் ஆதரவு அணி அல்லவா?

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மட்டன் குழம்பு. தாத்தா மட்டும் ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிட்டார். சித்தி சித்தப்பாவுக்கு ஊற்ற வேண்டிய கஞ்சியை ஒரு டம்ளரில் ஆற்றிக்கொண்டு அறை வாசலில் நின்றிருந்தாள். பள்ளிக்கூட விழா எப்போது என்று தாத்தா கேட்டார். நான் இதற்காகவே காத்திருந்தேன்.

"நான் கருணைக்கொலையப் பத்திப் பேசப் போறேன் தாத்தா. அப்பாவும் அந்தத் தொசியேவத்தான் மூணு சனிக்கெழம போயி படிச்சிருக்காரு, கையெழுத்து போட்டிருக்காரு."

தாத்தாவுக்கு அந்தத் தமிழ்ச்சொல் பழக்கமில்லை போலும். "அப்படீன்னா?" என்றார்.

நான் மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தேன். இனிப் பிழைக்கவே மாட்டார்கள் என்று உறுதியாகிவிட்ட நோயாளிகளைத் துன்பத்திலிருந்து விடுவிக்க... அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பாதியில் நிறுத்தினேன்.

தாத்தா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். அப்பாவைப் பார்த்தார்.

"யாருக்குடா படிச்ச?"

அப்பா குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"கேக்கறன்ல? யாருக்குப் படிச்ச?"

அப்பா நிமிர்ந்தார். அவர் பார்வை தாத்தாவைத் தாண்டி, வாசலில் நின்ற சித்தியிடம் போய்த் திரும்பியது. நானும் திரும்பிப் பார்த்தேன். சித்தியின் கையிலிருந்த டம்ளரில் இருந்து கஞ்சி விரல் வழியாக வழிந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை. அப்பாவின் மேல் அவளுக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நாந்தான் படிச்சேன்" என்றார் அப்பா. "சும்மா, தெரிஞ்சிக்கலாம்னு."

"தம்பி பாரமா போய்ட்டானா உனக்கு?"

"அப்படி இல்லப்பா."

"தூக்கித் தூக்கி அலுத்துப் போச்சி. அதானே?" தாத்தா எழுந்துகொண்டார். கை கழுவவில்லை. "இனிமே நீ அவனத் தொடக் கூடாது. அந்த ரூமுக்குள்ள கால வெச்சே, நான் இந்த வீட்ல இருக்கமாட்டேன்."

அவர் குரல் உயரவே இல்லை. ராணுவத்தில் அப்படித்தான் உத்தரவு போடுவார்கள் என்று பின்னாளில் யாரோ சொன்னார்கள்.

அன்றிலிருந்து, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு ஆள் மாலைதோறும் வந்து சித்தப்பாவைத் தூக்கினார். காலையில் அவருக்கு டியூட்டி. எனவே காலையில் சித்தி தோளையும் அம்மா இடுப்பையும் நான் காலையும் பிடித்துப் புரட்டுவோம். எங்கள் மூவருக்கும் சேர்த்து அப்பாவின் பலம் இல்லை. அந்த நேரத்தில் அப்பா அறைக்கு வெளியே, கதவுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டிருப்பார். அலாரம் அடிக்கும்போதெல்லாம் எங்கிருந்தாலும் எழுந்துவந்து அங்கே நிற்பார். உள்ளே வரமாட்டார். ஒரு நாள் சித்தப்பாவின் கை கட்டில் சட்டத்தில் இடித்துக்கொண்டபோது வெளியே இருந்து, "இதோ, இதோ" என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

அம்மா அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாள். மறுநாளே பள்ளிக்கு வந்து, என் பிள்ளைக்கு வேறு தலைப்பு கொடுங்கள் என்று டீச்சரிடம் நின்றாள். எனக்குப் பிளாஸ்டிக் ஒழிப்பு கிடைத்தது. அதில் எனக்குத்தான் முதல் பரிசு. ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.

சித்தப்பாவின் முதுகில் புண் வந்தது. மழை தொடங்கியதும் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. கார்த்திகை மாதத்து ஒரு விடியலில் மூச்சுத் திணறியபோது, ஆஸ்பத்திரி ஆள் டியூட்டியில் இருந்தார். தாத்தா முன்னறையில் நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல், "தூக்கறதுக்கு ஆள் வேணும்" என்றார். அப்பா ஓடினார். தம்பியை நிமிர்த்தித் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கோயிலிலிருந்து சாமியார் வந்து நெற்றியில் கடைசி எண்ணெய் பூசி முடிக்கும்வரை அப்படியே இருந்தார். சித்தப்பா அவர் மேல் சாய்ந்தபடியேதான் போனார். புண்ணுக்கும் நெஞ்சுச் சளிக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். அந்த வார்த்தையை நான் இன்றுவரை கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா இறந்து இப்போது சில வருஷங்கள் ஆகின்றன. அவருடைய முப்பதாம் நாள் பூசைக்கு வந்த சித்தி, எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, அடுப்படியில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றாள்.

"அந்தத் தொசியேவப் பாத்துச் சொல்லுங்கன்னு அத்தான்கிட்ட கேட்டது நாந்தான்" என்றாள். அப்பாவை அவள் அத்தான் என்றுதான் கூப்பிடுவாள்.

துணியைக் கீழே வைத்தேன்.

ஒரு நாள் அப்பா சித்தப்பாவைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவளை மீறி வாயில் வந்துவிட்டதாம். இவரு போய்ட்டாத் தேவலன்னு நெனச்சிட்டேன் அத்தான், நான் மனுசிதானா என்று கேட்டுவிட்டாளாம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கூடச் சொல்லத் துணியாததைச் சொல்லிவிட்டு, மெத்தை விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாளாம். வெளிநாட்டில் இதைப் பற்றியெல்லாம் கோர்ட்டில் பேசுகிறார்களாமே, என்னைப்போல யாராவது நினைத்திருக்கிறார்களா, பிரெஞ்சுப் பேப்பரில் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவள்தான் கேட்டிருக்கிறாள். பத்தாவதோடு நின்ற அவளுக்கு வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

மூன்று சனிக்கிழமை மாலைகளிலும் அப்பா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, பத்திரம் படிக்கிற குரலில் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் ஒரு மனைவி, அந்த ஊரில் ஒரு தாய், அவர்கள் வேண்டும் என்று சொன்னது, மற்றவர்கள் கூடாது என்று சொன்னது. இரண்டு உறைகளையும் அவர் படித்திருந்தார்.

"செய்யலாம்னும் சொல்லல, செய்யக் கூடாதுன்னும் சொல்லல. உன்ன மாதிரி நெறைய பேரு இருக்காங்கம்மா, அவங்கல்லாம் நல்லவங்கதான்னு மட்டும் சொன்னாரு. அதுக்கப்புறந்தான் நான் தூங்குனேன்."

தாத்தாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் இரண்டு முறை சொன்னபோது அப்பா தடுத்துவிட்டாராம். நீ இந்த வீட்டில் அவன் பக்கத்தில் இருக்க வேண்டியவள், நான் வெளியே நின்றால் பரவாயில்லை என்றாராம். சித்தப்பா போய் இரண்டு வருஷம் கழித்துச் சித்திக்கு மறுமணம் நடந்தபோது, தாத்தாதான் அவள் தகப்பன் இடத்தில் நின்று கோயிலுக்குள் கைப்பிடித்து அழைத்துப்போனார். அவருக்குக் கடைசிவரை அவள் குற்றம் குறையற்ற மருமகள். அப்பாவிடம் தாத்தா தான் சாகும்வரை, மருந்து எங்கே, குடை எங்கே என்பதற்கு மேல் பேசவில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகு, சித்தப்பாவை அடக்கம் செய்த நாள்தான் என் மனதில் அடிக்கடி வருகிறது.

கல்லறைத் தோட்டத்தில் மழை. திரும்பி வந்தபோது நனைந்த செருப்புகளும் குடைகளும் வீட்டு வாசலில் குவிந்திருந்தன. முன்னறையில் உறவுக்காரர்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் மத்தியில் சித்தி சுவரோடு சாய்ந்திருந்தாள். அப்பா கதவோரம் தரையில். அவர் சட்டையின் மார்புப் பக்கத்தில் காலையில் படிந்த எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடி, எல்லோருக்கும் கேட்கும்படி அப்பாவிடம் சொன்னார்:

"இப்ப நிம்மதிதானே உனக்கு?"

சித்தி சட்டென்று எழுந்து நின்றாள். "மாமா..." என்றாள். அப்பா அவள் இருந்த பக்கம் பார்த்து ஒரே ஒரு முறை தலையை இடவலமாக அசைத்தார். சித்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரோ அவளைத் தாங்கிக்கொண்டார்கள். பாவம், மாமனாரைச் சமாதானப்படுத்த எழுந்தாள் என்று ஒரு பெண்மணி சொன்னார்.

அந்தத் தலையசைப்பைத் தாத்தாவுக்குச் சொன்ன பதில் என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன். இத்தனை பேர் முன்னால் இப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டும் இல்லை என்று வாய் திறந்து சொல்லத் தெரியவில்லையே, இவ்வளவு கோழையா இவர் என்று எனக்கு அழுகையாக வந்தது. அப்பா என்னைப் பார்த்து, பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லித் தரையைத் தட்டினார். நான் பார்க்காததுபோல எழுந்து, கூட்டத்தைத் தாண்டிப் போய், தாத்தாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.